முப்பத்தேழாவது கேள்வி

திட்டப் பிழை மறுபடியும் சைபர் என்றே வந்தது.

வினோதினி மடிக்கணினியை முறைத்தாள். இன்று மூன்று மணிக்குள் அட்டவணை வழிகாட்டிப் பேராசிரியர் மணிமொழி மேடத்துக்குப் போகாவிட்டால் அவளுடைய ஆய்வேடு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போய்விடும்.

கீழ்பென்னாத்தூரில் நூற்றெண்பது மருமகள்களிடம் வாங்கிய பதில்கள். முப்பத்தொரு பேர் முப்பத்தேழாவது கேள்வியைக் காலியாக விட்டிருந்தார்கள். சொன்னவர்களைப் பார்த்து, சொல்லாதவர்களின் பதிலை மென்பொருள் ஐந்து விதமாக ஊகித்து நிரப்பும். ஐந்தையும் சேர்த்தால் சராசரி கிடைக்கும், அது எவ்வளவு பிசகலாம் என்பதும் கிடைக்கும். அந்தப் பிசகுதான் திட்டப் பிழை.

கொஞ்சமும் பிசகாமல் ஊகிக்க அது என்ன கடவுளா?

இரண்டு நாளாக மென்பொருளை அழித்து ஏற்றி, ஏற்றி அழித்து அலுத்துப்போய், மேடத்துக்கே போன் போட்டாள். கணினியை விட்டுவிட்டுத் தாள்களை எடுத்துப் பார் என்றார் அவர்.

தாள்களை அவள் பார்த்ததே இல்லை. கட்டாகக் கட்டி டைப் அடிக்கும் கடையில் கொடுத்ததோடு சரி.

கட்டைப் பிரித்தாள். முப்பத்தேழாவது கேள்வி: மாமியாருடன் வாரத்துக்கு எத்தனை முறை சண்டை வரும்?

சைபர். அடுத்ததும் சைபர். பதில் எழுதிய நூற்று நாற்பத்தொன்பது பேரும் சைபர். வேறு எண்ணையே காட்டாவிட்டால் மென்பொருள் பாவம் என்ன செய்யும்.

மறுபடி போன் போட்டுச் சொன்னாள். எழுதும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று மேடம் கேட்டார்.

"யாரும் இல்ல மேடம், எங்க மாமியார் மட்டும்தான். அவங்களுக்கு அது சொந்த ஊரு. வீடு காட்டினதுலேர்ந்து, எழுதின தாளை வாங்கிப் படிச்சுப் பார்த்து அடுக்கினது வரைக்கும் அவங்கதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பத்து நாள் தருகிறேன், மறுபடி போய்க் கேள், தனியாக, என்றார்.

மாமியார் ஜோதியம்மாள் சமையலறையில் இருந்தாள். இந்த வாட்டி நான் மட்டும் போகிறேன் என்று வினோதினி பக்குவமாகத்தான் சொன்னாள். அப்படியானால் இத்தனை நாள் நான் இடைஞ்சலா என்று ஆரம்பித்தது, முக்கால் மணி நேரம் ஓடியது.

திரும்பி வந்தவளுக்கு அலுப்பையும் மீறிச் சிரிப்பு வந்தது. கணக்கில் சேராது என்று தெரிந்தும் ஒரு புதுத் தாளை எடுத்து, முப்பத்தேழுக்கு நேராக ஒன்று என்று எழுதினாள்.

தோளுக்குப் பின்னாலிருந்து ஜோதியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கெழம போட்ட சண்ட என்ன ஆச்சு? ரெண்டுனு எழுது."