சதவீதம் சொல்பவள்

விலைவாசி எத்தனை சதவீதம் ஏறியது என்று மாதந்தோறும் நாட்டுக்கு அறிவிப்பவள் செண்பகவல்லி. அவள் முகத்தையும் சேலையையும் பார்த்தே சந்தைக்காரர்கள் பங்குகளை வாங்குவதும் விற்பதும் உண்டு. விலையெல்லாம் இறங்கிவிட்டது என்று தேர்தல் மேடையில் அமைச்சர் பேசியதை நம்பி, அவள் தம்பி தாணு இருந்த பணத்தையெல்லாம் பங்குச் சந்தையில் போட்டிருந்தான். "நம்பர் வேண்டாம்க்கா, நாளைக்கு என்ன கலர் சேலைன்னு மட்டும் சொல்லு" என்று முந்தின நாள் கெஞ்சினான். "போனை வைடா" என்றாள். காலையில், எண் வெளியே கசியாமலிருக்க, அதிகாரிகள் அவளுடைய கைபேசியை வாங்கிக்கொண்டு, ஓர் அறைக்குள் பூட்டி வைத்து, அந்த மாதச் சதவீதம் எழுதிய காகிதத்தைக் கொடுத்தார்கள். விலை இறங்கவில்லை, ஏறியிருந்தது.

மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கேமராக்கள் முன்னால் வந்து நின்றாள். தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்தாள். எதிர்ச் சுவர்த் திரையில் சந்தையின் கோடு சரிந்தது. பதறிப்போய் டம்ளரை வைத்தாள், கோடு நிமிர்ந்தது. மறுபடி தொட்டாள், சரிந்தது.

"மேடம், புண்ணியமாப் போவும், அதைத் தொடாதீங்க. என் பணமும் அதுலதான் கெடக்கு" என்றார் முன்வரிசை நிருபர். யாரும் சிரிக்கவில்லை.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூச்சை இழுத்தாள். கோடு மெல்ல மேலே எழுந்தது. ஒரு நாடே தன் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறி வந்துவிட்டது போலிருந்தது அவளுக்கு. மூச்சைப் பிடித்தாள், கோடும் அசையாமல் நின்றது. அதில் எங்கேயோ தாணுவும் இருந்தான். மணி மூன்று அடித்தது. மூச்சை விட்டால்தான் பேச முடியும்.