அபஸ்வரம்

பன்னிரண்டாம் வகுப்பு இசைப் பாடத்தின் செய்முறைத் தேர்வு. மூடிய கதவுக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள். மகள் வீட்டில் வாசித்துப் பழகியதைக் கேட்டதைத் தவிர அவளுக்குச் சங்கீதம் தெரியாது.

உள்ளே வயலினில் அதே பாட்டு. திடீரென ஒரு ஸ்வரம் பிசகியது. அம்மா கதவில் காதை வைத்தாள். அடுத்தடுத்தும் பிசகியது. இரண்டு வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதானா?

மகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"எப்படிடி சிரிக்கிற? நாலு இடத்துல தப்பா வாசிச்சியே!"

"ஐயோ அம்மா, அது நான் இல்ல! எக்ஸாமினர் வேணும்னே தப்புத்தப்பா வாசிப்பாரு. எங்கெங்க தப்புன்னு நான் சொல்லணும். அதுதான் கடைசிக் கேள்வி."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது.

மகளின் சிரிப்புதான் மெல்ல மறைந்தது.

"அம்மா... நாலா? நான் மூணுதானே சொன்னேன்!"