ஏணிக்காரிக்கு ஓர் இடைவேளை

திரைப்பட விழாவில் அந்தப் படம் எங்கே போகிறதென்று யாருக்கும் பிடிபடவில்லை. ஒருத்தி ஏணியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடந்தாள். பாதிப் படத்தில் அதை ஒரு பொட்டலில், வெறும் ஆகாயத்தில் சாய்த்து ஏறத் தொடங்கினாள். ஆபரேட்டர் சவரிராஜன் முப்பது வருஷப் பழக்கத்தில் இடைவேளை விட்டுவிட்டார்.

விழாப் படங்களுக்கு இடைவேளை கிடையாது. இயக்குநர் பொற்கொடி கேபினுக்கு ஓடிவந்தாள்.

“கை தானா போயிடுச்சும்மா.”

“அங்க பாருங்கண்ணே!”

அரங்கில் ஒருவரும் டீக்குக்கூட எழுந்து போகவில்லை. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அடுத்து என்ன என்று சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சவரிராஜன் படத்தை மறுபடி ஓட்டினார். உச்சிப்படியில் உட்கார்ந்து ஏணிக்காரி ஆவி பறக்க டீ குடித்துக்கொண்டிருந்தாள். அரங்கம் விசிலடித்தது.

“அண்ணே, இதை நான் எடுக்கவே இல்லையே!” பொற்கொடி அவர் கையைப் பிடித்துக் குதித்தாள்.

“சும்மா இரும்மா,” என்றார் சவரிராஜன். “குடிச்சு முடிக்கட்டும்.”