ஆறாம் பாகம் எங்கே?

"ஆறாம் பாகம் கிடைச்சுதாம்மா?" நூலகத்துக்குள் நுழையும்போதே ஹஃபீசா கேட்டாள். ஒரு வாரமாக இதே கேள்விதான்.

"இல்லக்கா," என்றாள் நூலகர் கிறிஸ்டினா. "தொடர் நாவல்னா எல்லா பாகத்தையும் நம்பர்படி ஒரே தட்டுலதான் வைப்போம். ஆறாவது மட்டும் காணோம். ஆனா வெளிய போகலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. உங்க வீட்டுக்காரர் ஜலால் சார் தெனம் வந்து சத்தம் போட்டுட்டுப் போறாரு."

"அஞ்சு பாகத்தையும் முடிச்சிட்டாரு. கொலைகாரன் யாருன்னு தெரியாம அவருக்குச் சோறு எறங்கல."

"இன்னிக்கு எல்லா அலமாரியையும் இறக்கிப் பார்க்கப் போறேன். சிக்கிடும்."

ஹஃபீசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்டினா அலமாரி அலமாரியாக நகர, இவளும் பின்னாலேயே போனாள். சமையல் புத்தகத் தட்டில் அவள் கை வைத்ததும், "அங்கெல்லாம் இருக்காதும்மா," என்று இவள் குறுக்கே வந்தாள்.

"கிடைச்சிடுச்சுக்கா. பிரியாணி புக்குக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்கு, யாரு வேலையோ." கையோடு ஜலாலுக்குப் போன் போட்டாள். "சார் மேடவாக்கத்துலேர்ந்து கிளம்பிட்டாராம்."

ஹஃபீசா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நாலாம் பாகத்தை எடுத்தாள். இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.

கதையை முடித்த அன்றே, சாப்பாட்டுத் தட்டு முன்னால் முடிவைப் போட்டு உடைக்காவிட்டால் ஜலாலுக்கு ஆகாது. சமையல் புத்தகம் பக்கம் மனுஷன் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார் என்று நம்பித்தான் ஆறாம் பாகத்தை அவளே அங்கே ஒளித்திருந்தாள்.

"ஏம்மா கிறிஸ்டினா," என்றாள் பக்கத்தைப் புரட்டியபடியே, "அந்தத் தட்டுக்குப் பத்து நாள் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?"