ஹாலுக்குள் ஒரு செம்பரம்பாக்கம்

"ஊட்டு வாசப்படிய தாண்டல. நேத்து ஒரே நாள்ல செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் நடந்துட்டேன்," என்றார் நாகப்பன், நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி.

அம்பத்தூர் பூங்காவே அதிரும்படி சிரித்தது நடைப்பயிற்சிச் சங்கம். மாதத்தில் அதிகம் நடந்தவருக்குக் கப் உண்டு. நாகப்பனின் செல்போன் நேற்றுக்கு மட்டும் முப்பத்தோராயிரம் ஸ்டெப் காட்டியது. பொய்யென்று முடிவானால் கப்போடு மானமும் போச்சு. சங்கத்திலிருந்தே பேரை அடித்துவிடுவார்கள்.

விசாரித்தவர் டேவிட். போன வருடம் அத்தனை கப்பையும் அள்ளியவர். இந்த வருடம் மனுஷன் பெஞ்சை விட்டு எழுந்தாலே அதிசயம்.

"செல்போன நாய் கழுத்துல கட்டி உட்டியா நாகு?"

"இல்ல அண்ணாத்தே. சமையல் ரூம்லேர்ந்து பால்கனி, பால்கனிலேர்ந்து சமையல் ரூம். மொசைக்கே தேஞ்சி பள்ளமாயிடுச்சி. பாத்துகினு இருந்த என் பொஞ்சாதி கன்னியம்மாவுக்குத் தலை சுத்திடுச்சி."

"இன்னாத்துக்கு அப்படி நடந்த?"

நாகப்பன் குரலைத் தாழ்த்தினார். "மனசுக்கு மாத்திரை சாப்புடுறேன். போன வாரம் டோஸ் ஏத்துனாங்க. மறுநாள்லேர்ந்து ஒக்கார முடியல. தொடைக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி. ஒக்காந்தா எழுந்திருன்னுது, எழுந்தா நடன்னுது."

"மனசு மாத்திரைக்குத் தூக்கம்தான் வரும். கால் முளைக்குமா?" என்றார் டேவிட். பெஞ்சுகள் குலுங்கின.

"கன்னியம்மாவும் வியாதி முத்திப்போச்சின்னு அழுதா. காலைல டாக்டர்கிட்ட போனோம். 'நோய் ஏறல, இது மாத்திரையோட பக்கவிளைவு. டோஸ கொறைச்சித் தரேன், நீங்களா நிறுத்திடாதீங்க'ன்னாரு." நாகப்பன் டாக்டரின் சீட்டை எடுத்து நீட்டினார்.

டேவிட் அதைத் தொடக்கூட இல்லை. "சீட்டு யார் வேணா எழுதலாம். ராதிகா, பேர அடிச்சிடும்மா."

செயலாளர் ராதிகா நோட்டைத் திறந்தார். நாகப்பனுக்குக் கண் கலங்கியது. கால் மட்டும் நிற்கவில்லை.

"சாப்புடும்போதும் தட்டக் கைல ஏந்திகினு நடக்கறீங்களான்னு கேட்டாரு டாக்டர். கூடவே இருந்து பாத்த மாதிரி."

டேவிட்டின் சிரிப்பு பாதியில் நின்றது. சீட்டை வாங்கி, மாத்திரையின் பேரை இரண்டு முறை படித்தார். பெஞ்சை விட்டு எழுந்து, ராதிகாவின் பேனாவைப் பிடுங்கி மூடினார்.

"அடிக்காதம்மா, அவன் சொல்றது நெசந்தான். இப்பதான் புரியுது, போன வருசம் என்னைத் தட்டும் கையுமா நடக்க வெச்சதும் இந்த மாத்திரைதான்."