மாட்டேன் என்ற நாற்காலி

"உள்ள யாரு?" என்று கேட்டான் புது உதவியாளன்.

"அமைச்சர் ஐயா மட்டும்தான் சார்," என்றார் பியூன்.

"ரெண்டு பேர் பேசுறாங்களே?"

"ஆமா, ரெண்டு பேர்தான் பேசுறாங்க." பியூன் குரலை இறக்கினார். "வந்து நாலு நாள்தானே ஆச்சு. போகப் போகப் பழகிடும்."

அமைச்சருக்கு மூன்று துறை. சுற்றுச்சூழல், எரிசக்தி, தகவல் தொடர்பு. அறைக்கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. உதவியாளன் எட்டிப் பார்த்தான்.

மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அமைச்சர் கோப்பு ஒன்றை எதிரே தள்ளினார்.

"அணை மதகை மூடணும். நாட்டுக்குக் கரண்ட் வேணும். கையெழுத்தைப் போடுங்க!" குரல் இடி மாதிரி இருந்தது.

பிறகு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் தோள் குறுகிப்போனது. குரலும் வேறு யாருடையதோ.

"போட மாட்டேன். தண்ணி ஏறி ஆத்தோரத்துல அறுபது வீடு முங்கிப்போகும்."

உதவியாளன் பியூனைத் திரும்பிப் பார்த்தான். "மனுஷனுக்குக் கழண்டுடுச்சா?"

"சேச்சே! ஒரு அமைச்சர் கேக்கணும், இன்னொரு அமைச்சர் அனுமதி குடுக்கணும்னு சட்டம். ரெண்டும் இவரே. வேற என்ன பண்ணுவார் பாவம்?"

உள்ளே அந்த மெல்லிய குரல் தொடர்ந்தது. "அங்க ஒரு நீலக் கதவு வீடு இருக்கு. அந்தப் பொண்ணு தையல் மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க போவா?"

உதவியாளன் கதவை இன்னும் நெருங்கி நின்றான்.

நீலக் கதவு, தையல் மெஷின். அது அவனுடைய அக்கா வீடு. அலுவலகத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூட அவன் அதைச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டான்.

"ஆட்சேபணை மனு ரெடிடா," என்றாள் அக்கா. "அறுபது வீட்டுலயும் கையெழுத்து வாங்கியாச்சு. அறிவிப்பு வந்ததுலேர்ந்து தொண்ணூறு நாள் டைம் இருக்கு. அதுக்குள்ள குடுத்துட்டா, விசாரணை முடியிற வரைக்கும் மதகைத் தொட முடியாதாம்."

"கொஞ்சம் பொறுக்கா. உள்ளேயே நமக்காக ஒருத்தர் மல்லுக்கட்டுறார்."

"யாருடா?"

"சுற்றுச்சூழல் அமைச்சர்."

"எரிசக்தி அமைச்சரும் அதே ஆளுதானேடா!"

"உனக்குச் சொன்னாப் புரியாது. என் காதால கேட்டேன். உன் கதவு கலர் வரைக்கும் தெரியுது அவருக்கு. மனு கினுன்னு போய், மாட்டேன்னு நிக்கிற மனுஷனைச் சீண்டிவிட்டுடாதீங்க."

"நீ சொன்னா சரிடா. ஊர்லயும் சொல்லிடுறேன்."

அதன்பிறகு தினமும் மதியம் மூன்று மணிக்கு அந்தச் சண்டை நடந்தது. பியூன் இரண்டு டீ கொண்டுபோவார். இரண்டு கோப்பையும் காலியாகத் திரும்பி வரும்.

ஒருநாள் அமைச்சர் வெளியூர் போயிருந்தார். அறையைத் துடைக்கப் போன பியூன் வெலவெலத்து வெளியே வந்தார்.

"அந்தப் பக்க நாற்காலி சூடா இருக்கு சார். இப்பத்தான் யாரோ எழுந்து போன மாதிரி."

சிரிக்கத்தான் நினைத்தான் உதவியாளன். சிரிப்பு வரவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தெம்பு. ஆவியோ, மனச்சாட்சியோ, எதுவாக இருந்தால் என்ன? அது அக்கா பக்கம் நிற்கிறதே!

தொண்ணூறாவது நாள். மதியம் மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"அஞ்சு மணியோட டைம் முடியுதுடா. மனுவை எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் வாசல்லயே நிக்கிறேன். குடுத்துடட்டுமா?"

அவன் கதவோரம் காதை வைத்தான்.

"தலையே போனாலும் போட மாட்டேன்!" உள்ளே அந்தக் குரல் அழுதுகொண்டிருந்தது.

"வேண்டாம்க்கா. நிம்மதியா வீட்டுக்குப் போ."

ஐந்து மணி அடித்து ஐந்து நிமிடம் ஆனதும் உள்ளிருந்து மணி ஒலித்தது. போனான். அமைச்சர் அந்த அணைக் கோப்பை நீட்டினார்.

"ஆட்சேபணை ஒண்ணும் வரலை. காலையில மதகை மூடச் சொல்லிடு தம்பி."

திறந்து பார்த்தான். சுற்றுச்சூழல் அமைச்சரின் கையெழுத்து இருந்தது. கீழே இருந்த தேதி, அவன் வேலையில் சேர்வதற்கு மூன்று நாள் முந்தையது.

"ஐயா... மாட்டேன் மாட்டேன்னு தினமும்..."

"சத்தமாத்தானே சொன்னேன்? கதவைக்கூடச் சாத்தலையே."

"எங்க அக்கா வீடு உங்களுக்கு எப்படி...?"

"விண்ணப்பத்துல நீதானே எழுதியிருந்தே, அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய விலாசம்னு? ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்தேன். அந்த விலாசத்துக்காகத்தான் உனக்கு வேலையே குடுத்தேன்."

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்காதான். எடுக்கக் கை வரவில்லை.

அமைச்சர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். இப்போது பேசியது இடிக்குரலும் இல்லை, அந்த மெல்லிய குரலும் இல்லை.

"தகவல் தொடர்பும் என் துறைதான் தம்பி. நானே போய்ச் சொல்லியிருந்தா, அந்த அறுபது வீட்டுல ஒரு வீடாவது நம்பியிருக்குமா?"