காகம் போட்ட ஓட்டு

காட்டில் அந்த வருடம் சிறந்த படத்துக்கான விருதுக்கு இரண்டு படங்கள் வந்திருந்தன. ஒன்று, மயில் எடுத்த மழைப் படம். இன்னொன்று, இரை தேடிப் போகும் தாய் எறும்பைப் பற்றி நத்தை எடுத்தது. யானையும் கரடியும் காகமும் நடுவர்கள்.

"மயிலுக்குத்தான் என் ஓட்டு," என்றது யானை. "நான் கால் வீங்கிக் கிடந்தப்ப தினமும் வந்து விசாரிச்சது."

"படம் எப்படிக்கா இருந்தது?" என்று கேட்டது காகம்.

"பாதியில தூங்கிட்டேன். ஆனா ரொம்ப நல்ல பிள்ளை."

"நான் நத்தைக்கு," என்றது கரடி. "வருஷா வருஷம் வந்து வெறுங்கையோட போகுது, பாவம். படத்தை இனிமேதான் பார்க்கணும்."

காகத்துக்குக் கோபம் வந்தது. இரண்டு படங்களையும் முழுசாகப் பார்த்தது அது மட்டும்தான்.

"படத்தைப் பார்த்து ஓட்டுப் போடுங்க. நத்தை படம் நகரவே இல்லை. மயில் படத்துல ஒவ்வொரு காட்சியும் அழகு."

"அப்போ மயிலுக்குப் போடு. முடிஞ்சது," என்றது யானை.

காகம் மயில் பெயரை எழுதப் போய், பாதியில் நிறுத்தியது.

"அந்த எறும்பு இரையோட திரும்பி வரும்போது பிள்ளைங்க தூங்கிட்டிருக்கும். எழுப்ப மனசில்லாம வாசல்லயே உட்கார்ந்திருக்கும். எங்கம்மாவும் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு நத்தைக்கு ஓட்டுப் போட்டது.

விருது வாங்கிய நத்தை நேராகக் கரடியிடம் வந்தது.

"அண்ணே, உங்களுக்கு எந்தக் காட்சி பிடிச்சது?"

"அதை மட்டும் கேட்காதே, அழுதுடுவேன்," என்றது கரடி.

மறுநாள் அது தனியாகப் போய்ப் படத்தைப் பார்த்தது. நிஜமாகவே அழுதது.